புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு

நாகராசு கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; பிற்பாடு சொன்னால் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். புதுக்கோட்டையில் கீழ மூன்றாம் வீதியில், இரண்டு அறையும் ஒரு கிணறும் உள்ள வீட்டில், மனைவி செவந்தியோடு குடியிருந்தார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, யாரையும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. ஒரே ஒரு கோளாறுதான். 'இல்லை' என்று சொல்ல வாய் வராது. கேட்டவர் முகம் வாடிவிடுமே என்று 'ஆமாம்' போட்டுவிடுவார். ஊரில் இதற்கு நல்ல குணம் என்று பெயர். அந்த நல்ல குணம் ஒரு வீட்டை என்ன பாடு படுத்தியது என்று கேட்டால் வயிறு எரியும்.

ரங்கூனில் மரியசெல்வம் என்ற தூத்துக்குடிக்காரர் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். அதில் பதினொரு வருஷம் நாகராசு படம் கழுவினார். மரியசெல்வம் ஊர் சுற்றி. காமிராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மவுல்மீன், பினாங்கு, சிங்கப்பூர் என்று கப்பல் ஏறிவிடுவார். திரும்பி வரும்போது இரண்டு பெட்டி கண்ணாடித் தகடு கொண்டுவருவார். அதையெல்லாம் காகிதத்தில் ஏற்றுவது நாகராசு வேலை. முப்பத்தெட்டாம் வருஷக் கலகத்தில் ஸ்டூடியோ பாதி எரிந்தது. மரியசெல்வம் மனம் விட்டுப்போய்க் கடையைச் சாத்தினார். இந்தத் தகடுகளைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நாகராசு ஒரு தகரப் பெட்டி நிறைய வைக்கோல் அடைத்து, நடுவில் நூற்றி நாற்பது தகடுகளை அடுக்கி, ஒன்றுகூட உடையாமல் புதுக்கோட்டை கொண்டுவந்தார். கைக்காரர், அதில் சந்தேகமே இல்லை.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. தகட்டைக் காகிதத்தின்மேல் வைத்து வெயிலில் காட்டி, கிணற்றுத் தண்ணீரில் அலசி, படம் படமாகப் போட்டார். திருவிழாவுக்குத் திருவிழா போனார். நாலு மூங்கிலை நட்டு, சுற்றிலும் படுதா கட்டி, உள்ளே கயிறு இழுத்து, ஒவ்வொரு படமாக மாட்டிவிடுவார். உள்ளே நுழைய ஓர் அம்மன் காசு. பிடித்த படத்தைச் சட்டம் போட்டு வாங்கிக்கொள்ளலாம். பொன்தகடு வேய்ந்த புத்தர் கோவில், தேக்கு மரத்தைத் தும்பிக்கையால் அடுக்கும் யானைகள், சுருட்டுப் பிடிக்கும் பர்மாப் பொம்பளை, பினாங்கு மலைமேல் ஏறும் ரயில், சிங்கப்பூர்ச் சீனன் கடைவீதி. ஆவுடையார்கோவில் திருவிழாவில் மூன்று நாளும் கூட்டம் நெரியும். கையில் ஒரு பிரம்பை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி அவர் சொல்கிற அழகுக்கே இன்னொரு காசு கொடுக்கலாம் என்பார்கள்.

அதில் இரண்டு பொய் உண்டு. ஒன்று, எல்லாம் நானே எடுத்தது என்பது. இன்னொன்று, போன வருஷம் எடுத்தது என்பது. நிஜத்தில் அந்தத் தகடுகளில் முக்கால்வாசி இருபத்தேழு, இருபத்தெட்டாம் வருஷத்துச் சரக்கு. ஆனால் பழைய படம் என்று சொன்னால் யார் வாங்குவார்கள்? வீட்டுக்கு ஓர் ஆள் அக்கரையில் இருந்த காலம் அது. சனங்கள் பார்க்க வந்தது புத்தர் கோவிலையா? நம்ம ஆள் இப்போது எந்தத் தெருவில் நடக்கிறான், எந்தக் கடையில் டீ குடிக்கிறான் என்று பார்க்கத்தான் வந்தார்கள். போன வருஷம் என்றால் அவர்களுக்கு ஓர் ஆறுதல். சொல்லிவிட்டுப் போகிறேன், என்ன கெட்டுப்போகிறது என்று அவர் நினைத்தார்.

மூன்றாவதாக ஒரு பழக்கமும் இருந்தது. ஸ்டூடியோ என்றால் முகத்தில் அம்மைத் தழும்பை மறைக்கச் சொல்வார்கள், ஒட்டிய கன்னத்தை உப்பச் செய்யச் சொல்வார்கள். தகட்டின்மேல் கூர்மையான பென்சிலால் மெல்ல ஒரு கோடு இழுத்தால், படத்தில் அந்த இடம் வெளுத்து விழும். இது தொழில். இங்கே வந்தும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. கடுக்கன் போட்டிருந்தான் என்று ஒருவர் சொன்னால் கூட்டத்தில் ஓர் ஆளுக்குக் கடுக்கன் முளைக்கும். நெற்றியில் திருநீறு இருக்குமே என்று இன்னொருவர் சொன்னால் திருநீறும் வந்துவிடும். வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். செவந்தி ஒரு தடவை பார்த்துவிட்டு, இது நல்லதுக்கில்லை என்றாள். நாலு பேர் சந்தோஷப்படுகிறார்கள், உனக்கு என்ன வந்தது என்று வாயை அடைத்துவிட்டார்.

நாற்பத்தொன்றாம் வருஷம் தைப்பூசத்துக்கு விராலிமலை அடிவாரத்தில் படுதா கட்டியிருந்தார். குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரிலிருந்து மூக்காயி என்ற பெண் சாமி கும்பிட வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கூடவே அவள் கொழுந்தன் அடைக்கலம், இருபத்து நாலு வயது வாலிபன், கல்யாணம் ஆகி ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பன். இரண்டு பேரும் படம் படமாகப் பார்த்துக்கொண்டே வந்து, ரங்கூன் துறைமுகப் படத்துக்கு முன்னால் நின்றார்கள். ஒரு தகரக் கொட்டகை, அதற்கு முன்னால் மூட்டை இறக்கி வைத்துவிட்டு நிற்கும் ஏழெட்டுக் கூலியாட்கள். கடைசியில் நிற்கிறவன் இடுப்பில் ஒரு கையை ஊன்றி, தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தான். முகம் கட்டைவிரல் நகத்தளவு. மூக்காயி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அடைக்கலம்தான் பேசினான். அவன் அண்ணன் சேவுகன் பர்மா போன ஆள், போய் ஒரு கடுதாசிகூட இல்லை, நிற்கிற வாட்டம் அண்ணன் மாதிரியே இருக்கிறது என்றான். புருவத்துக்கு மேலே மாடு குத்திய தழும்பு ஒன்று இருக்கும், இதில் தெரியவில்லையே என்று படத்தில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தான்.

மூக்காயி முகத்தை நாகராசு பார்த்தார். அதைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று சொல்ல இன்னொருவர் பிறந்து வர வேண்டும். இது வெயிலில் மங்கிப்போன படம், புதிதாக ஒன்று கழுவித் தருகிறேன், தழும்பு இருந்தால் அதில் தெரியும், எட்டு நாளில் ஊருக்கே கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றார். வீட்டுக்கு வந்ததும் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, பென்சிலைச் சீவி, வலது புருவத்துக்கு மேல் ஒரு சின்னக் கோடு இழுத்தார். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. இவ்வளவு நாளாக ஆள் எங்கே என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பென்சிலைக் கீழே வைத்திருப்பார்.

எட்டாம் நாள் சட்டம் போட்ட படத்தோடு அந்த ஊருக்குப் போனால், வாசல் நிறைய உறவுக்காரர்கள். என்ன விசேஷம் என்று கேட்டார். சொன்னார்கள். காணாமல் போனவன் பன்னிரண்டு வருஷம் வரவில்லை என்றால் செத்தவன் கணக்குத்தான். புல்லால் ஓர் உருவம் கட்டி, கொள்ளி வைத்து, கருமாதி செய்து, பெண்டாட்டி கழுத்தில் இருப்பதை அறுத்துவிட வேண்டும். வருகிற மாசியோடு சேவுகனுக்குப் பன்னிரண்டு முடிகிறது. அதற்கு நாள் குறிக்கத்தான் இத்தனை பேரும் கூடியிருக்கிறார்கள். நாகராசு திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் அடைக்கலம் படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி, துணியை விலக்கிவிட்டான்.

தழும்பு தெரிந்தது. கூட்டம் அப்படியே அடங்கிப்போயிற்று. அடைக்கலம் தேம்பித் தேம்பி அழுதான். அண்ணன் போகும்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. தழும்பு இருந்தது ஞாபகம், பக்கம் ஞாபகமில்லை. ஆனால் தாய்மாமன் ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சேவுகனுக்குத் தழும்பு இடது பக்கமல்லவா என்று கேட்டார். நாகராசுக்கு உயிர் போய் வந்தது. தப்பிக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆமாம், அப்படியானால் இது வேறு ஆள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் அந்தச் சனத்தில் இன்னொருவர் முந்திக்கொண்டார். போட்டாவில் எல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத்தான் விழும், இதுகூடத் தெரியாதா என்று தாய்மாமனை ஒரு போடு போட்டார். எல்லோரும் நாகராசைத் திரும்பிப் பார்த்தார்கள். நாகராசு ஆமாம் என்று தலையை ஆட்டினார். கருமாதி நின்றது.

மூக்காயி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, இது அவுகதான் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அங்கேயே முடிந்திருந்தால் பரவாயில்லை. அடைக்கலம் விடவில்லை. அண்ணன் உயிரோடு மூட்டை தூக்கிக்கொண்டிருக்கும்போது தம்பி இங்கே வயிறாரச் சாப்பிடுவதா என்று ஆரம்பித்துவிட்டான். ஓர் உழவு மாட்டை விற்றான். பங்குனியில் சென்னைப்பட்டணம் போய்க் கப்பல் ஏறுவதென்று முடிவு செய்தான். ரங்கூன் தெருக்களை விவரமாக எழுதி வாங்கிக்கொள்ள நாகராசு வீட்டுக்கே வந்தான். எழுதிக் கொடுத்தார். கொடுத்த அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஐரோப்பாவில் சண்டை நடக்கிற காலம். கடலில் என்ன நடக்குமோ யார் கண்டது? அடைக்கலம் கிளம்புவதற்கு முதல்நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போனார்.

அடைக்கலம் உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தான். மூக்காயி தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். நாகராசு நின்ற நிலையிலேயே கொட்டிவிட்டார். அந்தத் தழும்பு நான் போட்டது, படம் பன்னிரண்டு பதிமூன்று வருஷத்துக்கு முந்தியது, எடுத்ததும் நான் இல்லை, அந்தப் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்றார். அவள் கையைக் கழுவக்கூட இல்லை. அப்படியே நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்ணே," என்றாள். "எடப்பக்கம்தான். அந்தப் புண்ணுக்குப் பத்து நா மஞ்சப் பத்துப் போட்டவ நானு. எனக்குத் தெரியாமப் போயிருமா?"

பின்னே ஏன் சொல்லவில்லை என்று நாகராசு கேட்டார்.

"சொன்னா மாசியிலயே அறுத்திருப்பாங்க. அவுக இருக்காகளா செத்தாகளான்னு தெரியாமலே அறுத்திருப்பாங்க. அடைக்கலம் போகட்டும். தேடிட்டு, இல்லேன்னு திரும்பி வரட்டும். வர ஒரு வருசமாகும்ல? அந்த ஒரு வருசம் எனக்கு வேணும்ணே. இப்பச் சொன்னீங்கன்னா நீங்களே ஒங்க கையால அறுத்த மாதிரி."

நாகராசு வாயை மூடிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவரைக் குற்றம் சொல்வதா, அவளைச் சொல்வதா? பன்னிரண்டு வருஷம் புருஷன் முகம் பார்க்காதவள், கழுத்தில் கிடப்பதையாவது கொஞ்சநாள் வைத்திருக்க ஆசைப்பட்டாள். அதைக் குற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து தங்களுக்குச் சொந்தமில்லாத ஓர் உயிரை வைத்து ஆடினார்கள். அது மட்டும் நிஜம்.

அடைக்கலம் போனான். கடுதாசி எல்லாம் நாகராசு விலாசத்துக்குத்தான் வரும். ரங்கூன் தெரிந்தவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், நம்பிக்கையானவர்! சந்தை நாளில் அடைக்கலத்தின் மனைவி காத்தாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். நாகராசு படித்துக் காட்டுவார். அவள் சொல்லச் சொல்ல பதில் எழுதுவார். இருபது வயது தாண்டாத பெண். அண்ணே, அண்ணே என்று வாய்க்கு வாய் கூப்பிடுவாள். செவந்தி கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டு, படத்தில் இருக்கிற பெரிய மச்சான் கிடைத்துவிட்டாரா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

வைகாசியில் வந்த கடுதாசி நல்லபடியாக இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறேன், வேலைக்கு முன்னும் பின்னும் படத்தைக் காட்டி விசாரிக்கிறேன் என்று யாரையோ விட்டு எழுதியிருந்தான். ஆடியில் வந்ததில் ஒரு வரி இருந்தது. படத்தில் உள்ள தகரக் கொட்டகை இங்கே இல்லை, அதை இடித்துப் பல வருஷம் ஆகிறது என்கிறார்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வரியை நாகராசு விட்டுவிட்டுப் படித்தார். காத்தாயிக்கு என்ன தெரியும்? எழுத்து வரிசையைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே நாகராசு எழுந்து உள்ளே போய்விடுவார். தகரப் பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டார். புரட்டாசித் திருவிழாக்கள் எதற்கும் படுதா கட்டப் போகவில்லை.

ஐப்பசியில் அடைமழைக்கு நடுவில் அடுத்த கடுதாசி வந்தது. காத்தாயி அன்றைக்குப் பார்த்து வந்திருந்தாள். உறையைப் பிரித்துக் கொடுத்ததே அவள்தான். நாகராசு முதலில் மனதுக்குள் படித்தார்.

"நாளது வரை சுகம். படத்தில் கடைசியில் நிற்கும் ஆளையே நேற்றுப் பார்த்தேன். அவர் தெலுங்குக்காரர். படத்தைக் காட்டினதும் சிரித்தார். இது பன்னிரண்டு பதிமூன்று வருஷத்துக்கு முந்தி எடுத்தது என்றார். அவர் நெற்றியில் தழும்பு எதுவும் இல்லை. எனக்குத் தலை சுற்றுகிறது. படக்கார அண்ணனிடம் கேட்டு எழுதவும். தழும்பை அவர் கையால் வைத்தது என்றால் நான் அடுத்த கப்பலில் ஏறிவிடுகிறேன். அவர் வைக்கவில்லை, படத்தில் இருந்ததே அதுதான் என்றால், இந்தத் தெலுங்குக்காரர் வேறு, படத்தில் உள்ளவர் வேறு. அப்படியானால் அண்ணன் இங்கேதான் எங்கேயோ இருக்கிறார். கண்டுபிடிக்காமல் நான் வரமாட்டேன். மூட்டை கட்டி வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறேன்."

ஒரே கேள்வி. ஆமாம் என்றால் ஆள் வீடு வந்து சேர்ந்துவிடுவான். காலமெல்லாம் ஆமாம் போட்டே பழகிய மனிதருக்கு அன்றைக்கு மட்டும் அந்த வார்த்தை வரவில்லை! சொன்னால் என்ன ஆகும்? அடைக்கலம் வந்து வாசலில் நின்று சட்டையைப் பிடிப்பான். கடுக்கன் வாங்கியவர்கள், திருநீறு வாங்கியவர்கள் எல்லோரும் படத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எத்தனை ஊர், எத்தனை வீடு! தொழுவத்தில் நின்ற மூக்காயி முகமும் கண்முன் வந்தது. எதிரே காத்தாயி, என்ன எழுதியிருக்கிறார் என்று சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். நாகராசு கடுதாசியை மடித்துக்கொண்டு, சுகமாக இருக்கிறாராம், இன்னும் தேடுகிறாராம் என்றார்.

காத்தாயி முகம் விழுந்துவிட்டது. தேடியது போதும், பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டது, வந்துவிடச் சொல்லுங்கள் என்றாள். நாகராசுக்கு மூச்சு வந்தது. இதை எழுதினால் போதும், அவன் வந்துவிடுவான், நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தார். அவள் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதினார். அதோடு பேனாவை மூடியிருக்கலாம், புண்ணியமாகப் போயிருக்கும். ஆனால் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் அடைக்கலம் வேறு யாருக்காவது எழுதிக் கேட்பானே என்ற பயம் பிடித்துக்கொண்டது. அடியில் இரண்டு வரி சேர்த்தார். பாவி மனுஷன், சேர்த்தார். காத்தாயி கையாலேயே அதைத் தபால் பெட்டியில் போட்டாள்.

கார்த்திகை முழுக்கப் பதில் இல்லை. மார்கழி பிறப்பதற்கு முன்னால் ஜப்பான்காரன் சண்டையில் குதித்த சேதி வந்தது. மார்கழி பிறந்து பத்து நாளைக்குள் ரங்கூனில் குண்டு விழுந்ததென்று பேப்பரில் போட்டார்கள். துறைமுகத்தில்தான் சேதம் அதிகம் என்று டீக்கடையில் ஒருவர் உரக்கப் படித்தார். நாகராசு கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். வாசலில் கூட்டம் நின்றது. திருமயத்திலிருந்தும் கீரனூரிலிருந்தும் வந்தவர்கள். எல்லோருக்கும் ரங்கூன் படம் வேண்டும். எங்கள் ஆள் எந்தத் தெருவில் இருந்தான், குண்டு எந்தத் தெருவில் விழுந்தது என்று காட்டச் சொல்லி அழுதார்கள். நாலு வருஷத்தில் விற்காத படம் அந்த ஒரு மாதத்தில் விற்றது. செவந்தி அந்தக் காசைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

தை மாதத்தில் மூக்காயி வந்தாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். உள்ளே வரவில்லை. கடுதாசி உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார்.

"எந்தாலி எங்கழுத்துல கெடக்கு," என்றாள். "அந்தப் பிள்ள காத்தாயி தெனமும் என்னையக் கேக்குது, அக்கா, அவுக வந்துருவாகல்லன்னு. எனக்கு அது மொகத்தப் பாத்துச் சோறு எறங்கலண்ணே. நான் என்ன பண்ணிப்புட்டேன்?"

நாகராசு ஐப்பசிக் கடுதாசியைப் பற்றி அவளிடம்கூட வாய் திறக்கவில்லை. அவளாவது பாதிப் பாவத்தோடு போகட்டும் என்று இருந்ததோ, இல்லை பயம்தானோ, அது அவருக்கே தெரியாது.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம். பர்மாவிலிருந்து காடும் மலையும் நடந்து தப்பித்த ஆட்கள் ஒவ்வொருவராக ஊர் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். கால் வீங்கி, கண் பஞ்சடைந்து, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல் வந்தார்கள். அவர்களில் கீரனூர்ப் பக்கத்து வெள்ளைச்சாமி ஒருவர். அடைக்கலத்தோடு ஒரே கூலி லயனில் படுத்து எழுந்தவர். நேரே காத்தாயி வீட்டுக்குப் போய்ச் சேதியைச் சொன்னார். மறுநாள் அடைக்கலத்தின் கருமாதிக்கு நாள் குறித்தார்கள். அந்த நாள் வருமுன்பே காத்தாயி ஒற்றை ஆளாக, குழந்தையைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டைக்கு நடந்து வந்தாள்.

உச்சி வெயில். நாகராசு கிணற்றடியில் இருந்தார். அவள் வந்து நின்றதைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. அவள் அழவில்லை. குழந்தையை இறக்கிவிட்டு, மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். நாலாக மடித்து, வேர்வையில் ஊறிக் காய்ந்து, ஓரம் பிய்ந்துபோன காகிதம். அடைக்கலத்தின் இடுப்பு வேட்டியில் முடிந்திருந்ததாம். வெள்ளைச்சாமி அதை எடுத்து வைத்துக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்திருக்கிறார். அவருக்கும் எழுத்துத் தெரியாது.

"அவுக மூட்டையெல்லாம் கட்டிட்டாகளாம்ணே," என்றாள் காத்தாயி. "கப்பலுக்குச் சொல்லி வச்சாச்சாம். இந்தக் காயிதம் வந்துச்சாம். வேற ஆள விட்டுப் படிச்சுக் கேட்டுட்டு மூட்டையப் பிரிச்சுட்டாகளாம். குண்டு விழுந்த அன்னைக்கும் படத்த எடுத்துக்கிட்டுத்தான் தொறமுகத்துக்குப் போனாகளாம். நான் வந்துருங்கன்னுதானே சொன்னேன்? வேற என்ன இருக்கு இதுல? படிங்க."

நாகராசு வாங்கினார். அவர் கையெழுத்து. அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு வந்தது, பாருங்கள்: இவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே! எதையாவது சொல்லி அனுப்பிவிடலாமே! நிலைப்படியில் செவந்தி வந்து நின்றாள். நாகராசு படித்தார். சுகம் கேட்டதிலிருந்து, பிள்ளை நடப்பதிலிருந்து, வந்துவிடவும் என்பது வரை படித்தார். அதற்கடுத்த இரண்டு வரியையும் படித்தார்.

"படத்தைப் பற்றிக் கேட்டதற்கு: அதில் நான் எதுவும் வைக்கவில்லை. எடுத்தது எடுத்தபடியே இருக்கிறது."

இதற்கா அவர் மூட்டையைப் பிரித்தார் என்று காத்தாயி கேட்டாள். அவளுக்குப் புரியவில்லை. அப்போது நாகராசு மிச்சத்தையும் சொன்னார். ஐப்பசிக் கடுதாசியில் என்ன கேட்டிருந்தான் என்பதைச் சொன்னார். பென்சில் கோட்டைச் சொன்னார். விட்டுப் படித்த வரிகளைச் சொன்னார். மூக்காயி பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டு, அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். அப்படி ஏதாவது செய்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அவள் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தாள். குழந்தை தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தது. அதையே கொஞ்சநேரம் பார்த்தாள்.

"இன்னொருக்காப் படிங்க," என்றாள்.

படித்தார்.

"இன்னொருக்கா. எனக்கு மனப்பாடம் ஆகுற வரைக்கும் படிங்க. இது பெரிசாயி அப்பன் எங்கன்னு கேக்கும். அப்ப நான் ஒரு எழுத்து விடாமச் சொல்லணும். யாரு எழுதுனதுன்னும் சொல்லணும்."

நாகராசு மறுபடி படித்தார். குரல் உடைந்தது, உடைந்த இடத்திலிருந்து திரும்பப் படிக்கச் சொன்னாள். நாலாவது தடவை அவள் உதடு கூடவே அசைந்தது. ஆறாவது தடவை அவரோடு சேர்ந்து சொன்னாள். பிறகு கையை நீட்டிக் காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சுகம் கேட்டதிலிருந்து கடைசி வரி வரை தனியாகச் சொன்னாள். ஓர் இடத்திலும் தப்பவில்லை. நாகராசு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.